722: ஒரு மாதிரிக் காரின் கிரயமும் பெறுமதியும்



வரி, வாடகை, ஓய்வூதியம் என்று மாதாமாதம் கதைத்து உங்களைக் களைக்கச் செய்கிற எனக்கு, இம்முறை கையில் கிடைத்தது ஒரு விளையாட்டுக் கார். விளையாட்டுக் கார் என்று சொன்னால் அதை வாங்கிய பிள்ளைக்குக் கோபம் வரும். ஆகவே மாதிரிக் கார் என்றே எழுதுகிறேன். ஒலிபரப்பிலே நேரம் போதாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்துத் தரும்படி சில நேயர்கள் கேட்டதால் இது கொஞ்சம் நீளம். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர் எதுவும் சொல்லாமல் எழுதுகிறேன்.

வரி பற்றிய நிகழ்ச்சி முடிந்த கையோடு கலையகத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. குரலிலேயே அறுபதைத் தாண்டியவர் என்று தெரிந்தது. "தம்பி, நீர் கணக்குப் பார்க்கிற ஆள்தானே? என்ரை மோன் முதல் சம்பளத்திலை முன்னூற்றி எண்பது பவுண் குடுத்து ஒரு பொம்மைக் கார் வாங்கி வைச்சிருக்கிறான். கேட்டால் முதலீடு எண்டு சொல்லுறான். நீர் ஒருக்கா வந்து பாத்துச் சொல்லும்" என்றார். பொம்மைக் காருக்கு ஐந்தொகை எழுதிய அனுபவம் எனக்கு இல்லை. இருந்தும் மறுக்க மனம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லண்டனின் மறுகரையில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில், பிள்ளைகளின் பரிசுக் கிண்ணங்களுக்கும் மாலை போட்ட ஒரு படத்துக்கும் இடையில் அது நின்றது. வெள்ளி நிறம். மூடியில்லாத உடல். மூக்கிலும் பக்கத்திலும் சிவப்பில் 722 என்ற இலக்கம். மகன் வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு அதைத் தூக்கி மேசையில் வைத்தார். தகப்பனார் அந்தக் கையுறையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன்.

பொனற்றைத் திறந்தால் உள்ளே எட்டு உருளைகளும் ஒரே வரிசையில் அமைந்த எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. அதற்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாய்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. சில்லுகளில் மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கோக்கப்பட்டுள்ளன. இருக்கைக்குக் கட்டம் போட்ட துணி. இது 1955ஆம் ஆண்டின் மெர்சிடஸ் பென்ஸ் 300 எஸ்எல்ஆர் என்ற ஜேர்மன் பந்தயக் காரின் 1:18 அளவு மாதிரி.

முதலில் இந்த 1:18 என்ன என்று பார்ப்போம். உண்மைக் காரின் 18 மில்லிமீற்றர் இங்கே ஒரு மில்லிமீற்றர். உண்மைக் கார் ஏறத்தாழ 4.3 மீற்றர் நீளம். 18ஆல் பிரித்தால் 24 சென்ரிமீற்றர். இது எல்லோருக்கும் விளங்கும். நிறைதான் விளங்காது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 18ஆல் குறைவதால், கனவளவு 18ஐ மூன்று முறை பெருக்கிய தொகையால், அதாவது 5832ஆல் குறைகிறது. உண்மைக் கார் சுமார் 900 கிலோ. அதை 5832ஆல் பிரித்தால் 154 கிராம். ஒரு நல்ல அப்பிள் பழத்தின் நிறை. அங்கேயே தாயார் மா நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து காரை வைத்துப் பார்த்தோம். 700 கிராமுக்கு மேலே காட்டியது.

ஏன் இந்த வேறுபாடு? உண்மைக் காரின் தகடு ஒரு மில்லிமீற்றர் தடிப்பு என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் அது 0.055 மில்லிமீற்றராக இருக்கவேண்டும். நாம் எழுதும் கடதாசியில் பாதித் தடிப்பு. அப்படி ஒரு தகட்டை எவராலும் வார்க்க முடியாது. வார்த்தாலும் கை பட்டால் நசுங்கும். ஆகவே உடலைத் தடிப்பாக வார்க்கிறார்கள். ஆனால் தடிப்பு வெளியே தெரியக்கூடாது. பொனற்றின் ஓரம், கதவின் விளிம்பு, சேற்றுக்காப்பின் வளைவு ஆகிய இடங்களில் மட்டும் அரம் போட்டது போல மெலியச் செய்கிறார்கள். சில்லுக் கம்பியும் அப்படித்தான். உண்மையில் மூன்று மில்லிமீற்றர் கம்பி என்றால் இங்கே ஆறில் ஒரு மில்லிமீற்றர். வெள்ளிப் பூச்சும் தலையிடிதான். பூச்சில் மினுங்கும் உலோகத் துகள் உண்மைக் காருக்குப் போடும் பருமனில் இருந்தால், மாதிரியில் மணல் தூவியது போலத் தெரியும். துகளையும் அரைத்து நுண்ணியதாக்க வேண்டும். பத்துப் பவுண் காரையும் இந்தக் காரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் முதலில் காண்பது இந்த ஓரங்களையும் பூச்சையும்தான்.

இடையில் ஒன்று. பழைய டிங்கிக் கார்களின் 1:43 என்ற விசித்திரமான அளவு எங்கிருந்து வந்தது என்று மகன் கேட்டார். இங்கிலாந்தின் ஹோர்ன்பி விளையாட்டு ரயிலிலிருந்து வந்தது. அந்த ரயிலில் ஓர் அடிக்கு 7 மில்லிமீற்றர் கணக்கு. ஓர் அடி 304.8 மில்லிமீற்றர். 7ஆல் பிரித்துப் பாருங்கள், 43.5 வரும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்காக வந்த காரின் அளவு, பிறகு உலகத்துக்கே அளவாகிவிட்டது.

இனிக் கிரயம். இவ்வகை உயர்தர மாதிரிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாகங்கள் கொண்டவையும் உண்டு. இவற்றுக்குப் பெயர்போன சிஎம்சி என்ற நிறுவனம் 1995இல் ஸ்ருட்கார்ட் நகருக்குப் பக்கத்தில் தொடங்கப்பட்டது; திட்டமிட்டது ஜேர்மனியில், பொருத்தியது சீனாவில். அச்சு வெட்டும் செலவு ஒரு முறை வருவது. அதை எத்தனை கார்களுக்குப் பகிர்வது என்பதே விலையைத் தீர்மானிக்கும் பெரிய விடயம். நூறாயிரம் செய்தால் ஒன்றுக்குச் சதக்கணக்கில் விழும். சில ஆயிரம் மட்டும் செய்தால் பவுண்கணக்கில் விழும். அதற்கு மேல், ஒவ்வொன்றையும் மனிதக் கைகள் பொருத்தும் மணித்தியாலங்கள். ஆகவே 380 பவுண் என்பது ஏமாற்று விலை அல்ல என்று தகப்பனாரிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஆனால் முதலீடா என்ற கேள்விக்கு மகனின் முகம் வாடும் பதிலைத்தான் சொல்லவேண்டியிருந்தது. கிரயம் என்பது கொடுத்த காசு. பெறுமதி என்பது இன்னொருவர் கொடுக்கத் தயாராக உள்ள காசு. இரண்டும் ஒன்றல்ல. இதே காரை வேறொரு நிறுவனம் இன்னும் நன்றாகச் செய்தால், அல்லது இதே நிறுவனம் மறுபதிப்பு வெளியிட்டால், பழையதன் விலை விழும். விற்கும்போது ஏலக்காரருக்கோ இணையச் சந்தைக்கோ ஒரு பங்கு போகும், பொதி செய்து அனுப்பும் செலவும் வரும். 380 பவுணுக்கு வாங்கியதை 420க்கு விற்றால் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் 380க்குக் குறைவாகவே இருக்கும். உண்மையில் விலை ஏறியவை, குறைந்த எண்ணிக்கையில் வந்து, பெட்டி கசங்காமல், சான்றிதழ் தொலையாமல் இருப்பவை. பெட்டி இல்லாத மாதிரிக்கும் பெட்டியுள்ள மாதிரிக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பார்த்தால் மட்டைப்பெட்டிக்கு இவ்வளவு மரியாதையா என்று தோன்றும்.

வரி கேட்பவர்களுக்கு: இங்கே பிரித்தானியாவில் இப்படியான தனிப்பட்ட உடைமை ஒன்றை 6000 பவுணுக்கு மேற்படாத தொகைக்கு விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் வாங்கி விற்பதையே வழக்கமாகச் செய்தால் அது வியாபாரம், அதன் சட்டம் வேறு. வீட்டுக் காப்புறுதியில் சேர்க்க விரும்பினால் பற்றுச்சீட்டையும் படத்தையும் வீட்டுக்கு வெளியே இன்னோரிடத்தில் வைத்திருங்கள். வீட்டோடு பற்றுச்சீட்டும் எரிந்துபோன பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

பராமரிப்பு பற்றியும் சொல்லவேண்டும். இந்த உடல்கள் வார்க்கப்படும் துத்தநாகக் கலப்புலோகத்துக்கு ஸமாக் என்று பெயர். துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜேர்மன் பெயர்களின் முதலெழுத்துகள். இந்தக் கலவையில் ஈயம் ஒரு துளி அதிகமானாலும் போதும், பல ஆண்டுகளுக்குப் பிறகு உலோகம் உள்ளிருந்தே வெடித்து, வீங்கி, உதிரத் தொடங்கும். 1930களில் வந்த டிங்கிக் கார்கள் பல இப்படிப் பிஸ்கற் போல நொறுங்கின. வந்த பிறகு மருந்து இல்லை. வெயிலும் ஈரமும் பகை, பரணில் வைக்கவேண்டாம். றப்பர் ரயர்கள் நீண்டகாலம் பிளாஸ்ரிக் தட்டின்மேல் அழுந்தி நின்றால், இரண்டும் உருகி ஒட்டிக்கொள்வதும் உண்டு.

அன்றைக்கு இத்தோடு எழும்பியிருக்கலாம். போகும்போது, "அதுசரி, ஏன் 722?" என்று கேட்டுவிட்டேன். மகன் இன்னும் அரைமணித்தியாலம் என்னை இருத்திவிட்டார். அவர் சொன்னதையும் பிறகு நானாகத் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

இத்தாலியில் மில்லே மில்யா என்று ஒரு பந்தயம் இருந்தது. ஆயிரம் மைல் என்று பொருள். பிரேஷியா நகரில் தொடங்கி, ரோமாபுரி வரை போய், திரும்பவும் பிரேஷியா. தனிப் பந்தயப் பாதை இல்லை. ஊர்த்தெரு, மலைப்பாதை, சந்தை முனை, தேவாலய முன்றல் எல்லாம் பாதைதான். சனம் இரண்டு பக்கமும் கைநீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கும். கார்கள் ஒவ்வொன்றாக விடப்படும். புறப்படும் நேரமே காரின் இலக்கம். 1955 மே 1ஆம் திகதி காலை 7 மணி 22 நிமிடத்துக்குப் புறப்பட்ட கார் 722.

ஓட்டியவர் ஸ்ரேர்லிங் மொஸ் என்ற 25 வயது ஆங்கிலேயர். பக்கத்தில் இருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன், தாடிக்காரப் பத்திரிகையாளர். இவர்கள் முன்கூட்டியே அந்தப் பாதையைப் பலமுறை ஓடிப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் ரயில் கடவையையும் குறித்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்புகளை ஐந்து மீற்றருக்கு மேற்பட்ட நீளமான ஒரு கடதாசிச் சுருளில் எழுதி, கண்ணாடி போன்ற முகப்புள்ள பெட்டிக்குள் வைத்து, உருட்டி உருட்டி வாசித்தார் ஜென்கின்சன். எஞ்சின் இரைச்சலில் வாயால் சொல்ல முடியாது. கைச்சைகைதான். மேட்டுக்கு அப்பால் பாதை நேரே போகிறது என்று சைகை வந்தால், கண்ணுக்குத் தெரியாத பாதையில் மொஸ் வேகம் குறைக்காமல் பாய்வார். ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் குறிப்பேட்டை நம்பி உயிரைக் கொடுத்த கதை. எனது தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் புல்லரிக்கும். ஜென்கின்சன் வழியில் வாந்தியெடுக்கத் தலையை வெளியே நீட்டியபோது மூக்குக்கண்ணாடி காற்றோடு போய்விட்டது. இன்னொன்று கொண்டுவந்திருந்தார். அதையும் குறித்து வைக்கவேண்டிய முன்மதிதான்.

10 மணி 7 நிமிடம் 48 செக்கனில் திரும்பி வந்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீற்றருக்கு மேல். இரண்டாவதாக வந்த பாஞ்சியோ, அவரும் 300 எஸ்எல்ஆரில்தான், அரைமணித்தியாலத்துக்கு மேல் பின்னால். அந்தப் பந்தயத்தில் எவரும் அதற்கு முன்னும் பின்னும் அந்த வேகத்தைத் தொடவில்லை. அலுமாரியில் நிற்கும் காருக்கு அந்த இலக்கம் அதனால்தான். இன்று எந்த விற்பனைப் பட்டியலைத் திறந்தாலும் 300 எஸ்எல்ஆர் என்றால் என் கண்ணில் பட்டது பெரும்பாலும் 722தான்.

தகப்பனாரும் கேட்டுக்கொண்டிருந்தார். "கெட்டிக்காரர்தான்" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள் கழித்துத் திரும்பவும் தொலைபேசி. இம்முறை காசைப் பற்றிக் கதைக்கவில்லை. மகன் கணினியில் ஒரு பழைய படச்சுருள் பார்த்துக்கொண்டிருந்தாராம். பின்னால் நின்று தகப்பனாரும் பார்த்துவிட்டார். "தம்பி, இந்தக் கார் சனக் கூட்டத்துக்குள்ளை விழுந்து எம்பதுக்கு மேலை ஆக்களைச் சாக்கொண்டதாம். நீர் அதைச் சொல்லேல்லை. அதை என்ரை தம்பியின்ரை படத்துக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறான்" என்றார். அந்த மாலை போட்ட படம் யாருடையது என்று எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. ஊரில் சனக்கூட்டத்துக்குள் விழுந்த குண்டில் போனவர். நான் என்ன சொல்வது? எனக்கும் முழுதாகத் தெரியாது. வாசித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

நடந்தது இது. மில்லே மில்யா வெற்றிக்கு ஆறு கிழமைக்குப் பிறகு, 1955 ஜூன் 11ஆம் திகதி, பிரான்ஸின் லு மான் நகரில் 24 மணித்தியாலப் பந்தயம். மெர்சிடஸ் மூன்று 300 எஸ்எல்ஆர் கார்களை அனுப்பியது. 20ஆம் இலக்கக் காரில் பியர் லெவெக் என்ற பிரெஞ்சுக்காரர். வயது 49. 1952இல் இதே பந்தயத்தில் துணைக்கு எவரையும் ஓட்டவிடாமல் கிட்டத்தட்ட 23 மணித்தியாலம் தனியாக ஓட்டி, முன்னணியில் இருக்கையில் எஞ்சின் பழுதாகித் தோற்றவர். அன்று அவர் கைவிட்ட வெற்றியை எடுத்தது மெர்சிடஸ். அதே மெர்சிடஸ் மூன்று ஆண்டுக்குப் பின் அவரை அழைத்தது.

பந்தயம் தொடங்கி இரண்டரை மணித்தியாலத்துக்குள், மாலை ஆறரை மணியளவில், ஜாகுவார் காரில் வந்த மைக் ஹோதோர்ன் எரிபொருள் நிரப்பும் தரிப்பிடத்துக்குப் போக வேகத்தைக் குறைத்தார். அவருக்குப் பின்னால் வந்த ஒஸ்ரின் ஹீலிக் கார் மோதாமல் தப்ப இடப்பக்கம் வெட்டியது. அந்தப் பக்கத்தில் பெருவேகத்தில் வந்துகொண்டிருந்தவர் லெவெக். அவர் காரின் முன்சில்லு ஒஸ்ரினின் சரிந்த பின்புறத்தில் ஏறி, கார் மேலே எழும்பி, பார்வையாளருக்கு முன்னாலிருந்த மண் அணையில் மோதிச் சிதறியது. எஞ்சினும் முன் அச்சும் பொனற்றும் சனத்துக்குள் பறந்தன. உடல் மக்னீசியக் கலப்புலோகம். பாரம் குறையவேண்டும் என்று தேர்ந்தெடுத்தது. மக்னீசியத் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூளும். லெவெக்கும் பார்வையாளருமாக 80க்கு மேற்பட்டோர் இறந்தனர். பின்னால் வந்த பாஞ்சியோ தப்பினார். மோதுவதற்கு முன் லெவெக் கையைத் தூக்கித் தனக்கு எச்சரிக்கை காட்டியதாக அவர் பிறகு சொன்னார்.

பந்தயம் நிறுத்தப்படவில்லை. இலட்சக்கணக்கான சனம் ஒரேயடியாக வெளியேறினால் அம்புலன்ஸ் போக வழி இருக்காது என்று காரணம் சொன்னார்கள். நள்ளிரவு தாண்டி, ஸ்ருட்கார்ட்டோடு தொலைபேசியில் ஆலோசித்த பிறகு, முன்னணியில் இருந்த தன் கார்களை மெர்சிடஸ் விலக்கிக்கொண்டது. லெவெக்கின் மாற்றுச் சாரதியான அமெரிக்கர் ஜோன் பிட்ச் விலகும்படி வற்புறுத்தியவர்களில் ஒருவர். ஜாகுவார் தொடர்ந்து ஓடி வென்றது. விசாரணை எந்தச் சாரதியையும் குற்றவாளியாகக் காணவில்லை. 1923இல் தொடங்கிய பந்தயத்தின் பாதை. கார்களின் வேகம் பலமடங்கு ஏறியபோதும் சனத்தையும் காரையும் பிரிக்கும் ஏற்பாடு அதே அளவில் நின்றுவிட்டது. ஸ்விற்சர்லாந்து சுற்றுப்பாதைக் கார்ப்பந்தயத்தையே தடைசெய்தது. சூரிச்சிலும் பேர்ணிலும் உறவினர் உள்ள நேயர்கள் அங்கே பெரிய பந்தயப் பாதை ஏன் இல்லை என்று யோசித்திருந்தால் காரணம் இதுதான். ஜோன் பிட்ச் பிறகு நெடுஞ்சாலை ஓரங்களில் வைக்கும் மணல் நிரப்பிய பீப்பாய்த் தடுப்பைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவுக்குப் போனவர்கள் பாலங்களின் முனையில் அந்த மஞ்சள் பீப்பாய்களைக் கண்டிருப்பீர்கள்.

விபத்தோடு 300 எஸ்எல்ஆர் மூலைக்குப் போய்விட்டது என்று சிலர் எழுதுவர். அது சரியல்ல. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் வட அயர்லாந்தின் டண்ட்ரொட்டிலும் இத்தாலியின் சிசிலித் தீவிலும் அது ஓடி வென்று, விளையாட்டுக் கார்களுக்கான உலகப் பட்டத்தையும் எடுத்தது. டண்ட்ரொட்டில் வேறு கார்களின் சாரதிகள் மூவர் இறந்தார்கள். ஆண்டு முடிவில்தான் மெர்சிடஸ் பந்தயத்தை விட்டது, பயணிகள் காரில் கவனம் செலுத்தப்போவதாகச் சொல்லி. மில்லே மில்யாவும் நீடிக்கவில்லை. 1957இல் ஒரு ஃபெராரி பாதையை விட்டுப் பாய்ந்து இரு ஓட்டுநர்களோடு பார்வையாளர் ஒன்பது பேர் இறந்தனர், அவர்களில் ஐவர் சிறுவர். அத்தோடு அந்தப் பந்தயம் அந்த வடிவில் முடிந்தது.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனேன். அலுமாரியில் கார் இல்லை. மகனின் அறைக்குப் போயிருந்தது. இரண்டு பேரும் சரியாகக் கதைக்காமல் இருந்தார்கள் என்பது வாசலிலேயே தெரிந்தது.

முதலில் தகப்பனாருக்கு ஒரு திருத்தம் சொன்னேன். ஐந்தொகையில் ஒரு சொத்துக்குரிய பொறுப்பை இன்னொரு சொத்துக்கு எழுதக்கூடாது. லு மானில் சிதறியது 20ஆம் இலக்கக் கார். 722 வேறு கார். மில்லே மில்யாவில் அது எவரையும் கொல்லவில்லை. மெர்சிடஸ் நிறுவனத்திடம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. மொத்தமே ஒன்பது கார்கள்தான் அந்த வகையில் கட்டப்பட்டன. அவற்றில் மூடிய உடலுள்ள இரண்டில் ஒன்று, அதை அமைத்த பொறியியலாளர் ஊலன்ஹவுட்டின் பெயரால் அழைக்கப்படுவது, 2022இல் 135 மில்லியன் யூரோவுக்கு விற்கப்பட்டது. அந்த ஊலன்ஹவுட் பிறந்தது இதே லண்டனில். இதைக் கேட்டதும் தகப்பனார், "நூற்றி முப்பத்தைஞ்சு மில்லியனோ" என்று இரண்டு தரம் கேட்டார்.

பிறகு மகனுக்கும் ஒன்று சொன்னேன். வேறு கார்தான், ஆனால் ஒரே குடும்பம். அதே எஞ்சின், அதே மக்னீசிய உடல், அதே ஆண்டு. மே மாத வரவை எழுதிவிட்டு ஜூன் மாதச் செலவை மறைத்த கணக்கை எந்தக் கணக்காய்வாளரும் கையொப்பமிடமாட்டார். மாதிரிக் கார் உலகத்தில் இந்தப் பழக்கம் பரவலாக உள்ளது. 1930களின் வெள்ளி நிற ஜேர்மன் கார்களுக்கு நாஸி அரசு பணம் கொடுத்தது; அவற்றின் உடலில் சுவஸ்திகா இருந்தது; ஜேர்மனியில் அந்தச் சின்னத்தைக் காட்டச் சட்டத்தடை இருப்பதால் மாதிரிகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சட்டம் சரிதான். ஆனால் பார்க்கிற பிள்ளைக்கு அழகான வெள்ளிக் கார் மட்டும் மிஞ்சுகிறது. அந்த வெள்ளி நிறத்துக்கே ஒரு கதை சொல்வார்கள். 1934இல் கார் 750 கிலோ என்ற எல்லைக்கு ஒரு கிலோ கூடிவிட்டது, இரவோடு இரவாக வெள்ளைப் பூச்சைச் சுரண்டினார்கள், உள்ளிருந்த உலோகம் வெள்ளியாக மின்னியது என்று. குழு முகாமையாளர் நொய்பவுவர் சொன்ன கதை. அந்தப் பந்தயத்துக்கு அந்த நிறை எல்லையே பொருந்தவில்லை என்று வரலாற்றாய்வாளர் சிலர் காட்டியுள்ளனர். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, 1932இல், பேர்லினில் ஒரு வெள்ளி நிற மெர்சிடஸ் ஓடியது. அதை நேரடி ஒலிபரப்பில் ஒரு வானொலி அறிவிப்பாளர் வெள்ளி அம்பு என்று அழைத்தாராம். பற்றுச்சீட்டு இல்லாத பதிவு இனிமையாக இருந்தால் அதைச் சரிபார்க்க எவருக்கும் மனம் வருவதில்லை. அறிவிப்பாளர்களான எங்களுக்கும் இது பொருந்தும்.

மகன் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "அங்கிள், எனக்கு லு மான் தெரியும். அப்பா சித்தப்பாவைப் பற்றி ஒண்டும் சொன்னதில்லை. அது தெரிஞ்சிருந்தால் அங்கை வைச்சிருக்கமாட்டன்" என்றார். தகப்பனார் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் மேசையில்தான் கிடந்தது. பிறகு, அன்று சந்தையில் என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினார். அது அவர்களுடைய கதை. நான் இங்கே எழுதப்போவதில்லை. தேநீர் ஆறிவிட்டது. தாயார் இரண்டாம் முறை கொண்டுவந்தார்.

கார் மகனின் அறையிலேயே இருக்கிறது. நாற்பது பவுணுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு வாங்கியிருக்கிறார்கள், தகப்பனாரின் காசில். கூண்டின் அடித்தட்டில் ஒரு சிறிய அட்டையில் மகன் தன் கையால் இரண்டு திகதிகளை எழுதி ஒட்டியிருக்கிறார்: 1955 மே 1, 1955 ஜூன் 11. அந்த அட்டையால் விற்பனைப் பெறுமதி குறையுமா என்று தகப்பனார் என்னிடம் கேட்டார். பசை காரில் படாதவரை குறையாது என்றும், கூண்டின் பற்றுச்சீட்டையும் சேர்த்து வைக்கும்படியும் சொன்னேன்.